காம்பியர்த் தோட்டமும் காட்டு விலங்குகளும்

முழுமதியில் தெரியும் கறையை முயல் என்று கண்டவர்கள் தமிழர்கள். அக்கறைக்கு முயற்கறை என்றும், அதனைத் தாங்கிய நிலவுக்கு முயற்கூடு என்றும் பெயர்கள் தமிழில் உண்டு. சீனரும் அதே கறையில் முயலையே கண்டனர். ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் எட்டாம் மாத முழுமதி நாளை ஒட்டி, சிங்கப்பூரின் சைனாடவுன் வட்டாரத்தில் முயல் வடிவ விளக்குகள் தெருவெங்கும் தொங்குகின்றன. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலின் கோபுரத்திற்கு அருகிலேயே அவ்விளக்குகள் ஒளிர்வதைக் காணலாம். இரு வேறு நாடுகளிலிருந்து வந்து ஒரே தெருவில் குடியேறிய இரு மக்களுக்கும் நிலவின் முயல் பொதுச்சொத்தாயிற்று.

ஆயினும் இத்தீவின் காட்டில் முயல் இயற்கையாக வாழ்ந்ததில்லை. முயலின் இடத்தை இங்கே வகித்தது சருகுமான். சிறிய உடலும், குச்சி போன்ற கால்களும், கொம்பற்ற தலையும் உடைய இச்சிறு விலங்கு உதிர்ந்த கனிகளையும் தளிர்களையும் தின்று காட்டின் அடிநிலத்தில் வாழ்வது. சிங்கத்தைக் கிணற்றில் வீழ்த்திய முயலின் கதையைத் தமிழ்க் குழந்தைகள் கேட்டு வளர்வது போலவே, முதலையையும் புலியையும் ஏமாற்றிய சாங் கஞ்சில் என்னும் சருகுமானின் கதையைக் கேட்டு மலாய்க் குழந்தைகள் வளர்கின்றனர். வலிமையற்ற ஒன்று அறிவினால் வாழும் என்பதே இரு கதைகளின் கருத்தும். புலியை வென்றதாகக் கதைகள் புகழும் அச்சருகுமான் ஒரு செடியிடம் தோற்ற வரலாறு இத்தீவுக்கு உண்டு. அச்செடியின் பெயர் காம்பியர்.

உழவும் முயலும்

பயிர்த்தொழில் பெருகும்போது காட்டுயிர் என்னாகின்றது என்பதை அறிய அறிஞர்கள் எடுத்துக்கொண்ட விலங்குகளுள் ஐரோப்பிய முயல் ஒன்று. அம்முயல் அடர்காட்டில் வாழ்வதன்று, வெட்டவெளியின் விலங்கு. ஆகவே மக்கள் காடு திருத்திக் கழனி அமைத்தபோது அது அழியவில்லை; மாறாகப் பெருகியது. கோதுமை வயலும், அதனை அடுத்துப் புல்வெளியும், தரிசும், வேலியோரப் புதரும் கலந்து கிடந்த பழைய உழவுமுறை அதற்குப் பன்னிரு மாதமும் உணவளித்தது, மறைவிடமும் அளித்தது. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 40 இலட்சம் முயல்கள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். 1990களின் தொடக்கத்தில் எடுத்த கணக்கெடுப்பு ஏறத்தாழ 8 இலட்சம் என்றே காட்டியது.

இடையில் நிகழ்ந்தது என்ன? இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்னும் வேட்கை ஐரோப்பா முழுவதையும் பற்றிக்கொண்டது. வேலிப் புதர்களை அகற்றி வயல்களை ஒன்றாக்கினர். புல்வெளி ஒரு பக்கமும் தானியம் ஒரு பக்கமும் என்று நாடே பிரிந்தது. களைக்கொல்லி வந்தது; களை போயிற்று; களையை உண்டு வாழ்ந்தவையும் போயின. முயல் வளை தோண்டி வாழ்வதன்று. தன் குட்டிகளைத் திறந்த நிலத்துப் புல்லிடையே விட்டுச் செல்வது. விரைந்து வரும் அறுவடை இயந்திரம் அக்குட்டிகளுக்குக் காலனாயிற்று. கோதுமை உயர்ந்து முற்றிய பிறகு தின்பதற்குத் தளிர் இல்லை. அடுத்த வயலிலும் அதே கோதுமைதான். நரியும் வேட்டைக்காரனும் ஓரளவு காரணம் என்றாலும், பயிர்முறை மாறியதே முதற்காரணம் என்பது பல நாட்டு ஆய்வுகளை ஒப்பிட்டு 2005இல் பிரிட்டன் அறிஞர்கள் கண்ட முடிவு.

இம்முடிவில் ஒரு நுட்பம் உண்டு. விலங்குகளை அழித்தது உழவன்று. பலவகையாக இருந்த நிலத்தை ஒரே வகையாக்கிய உழவே அழித்தது. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்கினால் சிங்கப்பூரின் 19ஆம் நூற்றாண்டு வரலாறு தெளிவாக விளங்கும்.

காம்பியர் வந்த கதை

1819இல் ராஃபிள்ஸ் இத்தீவில் கால் வைத்தபோதே ஏறத்தாழ இருபது காம்பியர்த் தோட்டங்கள் இங்கே இருந்தன. காம்பியர் ஒரு படர்செடி. அதன் இலையைக் கொதிக்க வைத்து இறக்கும் சாறு இறுகிக் கட்டியாகும். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் கத்தக்காம்பு என்று அறியப்படுவது இதுவே. தீவுகளில் வாழ்ந்தோர் வெற்றிலையோடு சேர்த்து மென்றனர்; மருந்தாகவும் கொண்டனர். 1830களில் இங்கிலாந்தின் தோல் பதனிடும் ஆலைகளும் சாயப் பட்டறைகளும் காம்பியரை விரும்பத் தொடங்கின. விலை ஏறியது, தீவின் காடும் விலைக்கு வந்தது.

காம்பியரோடு மிளகும் பயிரிடப்பட்டது. இலையைக் கொதிக்க வைத்து எடுத்த சக்கை மிளகுக் கொடிக்கு உரமாயிற்று. கேட்பதற்கு இது சிக்கனமான ஏற்பாடாகவே தோன்றும். ஆனால் கொதிகலனுக்கு நாள்தோறும் விறகு வேண்டும். பயிரிட்ட நிலத்தின் அளவுக்கு ஏறத்தாழ நிகரான காட்டை விறகுக்கென்றே வெட்ட வேண்டியிருந்தது. காம்பியர் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். பதினைந்து இருபது ஆண்டுகளில் நிலம் சோர்ந்துபோகும். அருகிலுள்ள விறகும் தீர்ந்துபோகும். தோட்டக்காரன் நிலத்தைப் போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவான். அவன் விட்டுச் சென்ற இடத்தில் லாலாங் என்னும் புல் மண்டும். ஆண்டுதோறும் தீப்பற்றும் அப்புல்வெளியில் மரக்கன்று எளிதில் தலைதூக்குவதில்லை. மானுக்கும் அது நல்ல மேய்ச்சலன்று. சருகுமானுக்கோ அங்கே சருகே இல்லை.

1848இல் காம்பியர் பயிரான நிலம் 24,000 ஏக்கருக்கு மேல் இருந்தது. அஃது அக்காலத்துத் தீவின் பரப்பில் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கு. விறகுக்கு வெட்டியதும், சோர்ந்து கைவிட்டதும் இக்கணக்கில் சேரா.

சைனாடவுனின் கணக்கேடு

தோட்டம் காட்டில் இருந்தது. அதன் உயிர் நகரத்தில் இருந்தது. சிங்கப்பூர் ஆற்றின் கரையில் போட் கீ துறையிலும் அதனை ஒட்டிய சீனர் தெருக்களிலும் இருந்த தவுக்கேமார்களே தோட்டக்காரனுக்கு முன்பணம் கொடுத்தனர். அரிசியும் துணியும் கருவியும் அவர்கள் கடையிலிருந்தே சென்றன. விளைந்த காம்பியரும் மிளகும் அவர்கள் கடைக்கே திரும்பின. கொடுக்கும் பொருளுக்கும் எடுக்கும் பொருளுக்கும் விலை வைத்தவர் ஒருவரே ஆதலின் கடன் எளிதில் தீர்வதில்லை. பகலெல்லாம் உழைத்துக் களைத்த கூலிகள் அபினில் ஆறுதல் தேடினர். அபின் விற்பனைக் குத்தகையோ அரசாங்க வருவாயின் பெரும்பங்காக விளங்கிற்று.

இத்தொழிலில் ஓங்கிய பெயர் சியா இயூ சின். 1805இல் தென்சீனாவில் பிறந்து 1823இல் சிங்கப்பூர் வந்த இத்தியோச்சு வணிகர், 1835 முதல் காம்பியரைப் பெருமளவில் பயிரிட்டார். அவருடைய தோட்டம் ரிவர் வேலி சாலையின் மேற்கோடியிலிருந்து புக்கிட் தீமா சாலை, தாம்சன் சாலை வரை பரவிக் கிடந்தது. இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அவ்வெல்லை முழுவதும் அன்று ஒரே செடி. 1845இல் அவர் தலைமையில் நிறுவப்பட்ட ஙீ ஆன் கொங்சி இன்றும் அறப்பணி ஆற்றி வருகிறது. ஒரு மனிதரின் முயற்சியால் ஒரு சமூகம் தழைத்ததும், ஒரு காடு மறைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதை வரலாறு மறைக்க வேண்டியதில்லை.

ஆற்றோரங்களில் சீனக் குடியிருப்புகள் பெருகின. சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்று இன்று வழங்கும் ஊர்ப் பெயர்கள் அந்நாளின் எச்சங்கள். ‘சூ’ என்பது குடியிருப்பையும் ‘காங்’ என்பது ஆற்றையும் குறிக்கும். முன்னால் நிற்பது அங்கே குடியேறிய குலத்தின் பெயர். காட்டிலிருந்து காம்பியர் படகில் இறங்கிய வழியிலேயே புதிய கூலிகள் காட்டுக்கு ஏறிச் சென்றனர். மாரியம்மன் கோயில் கோபுரத்தால் பெயர்பெற்ற பகோடா தெருவில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனக் கூலிகளை வைத்திருந்து அனுப்பும் விடுதிகள் இருந்தன. கோயிலுக்கு வந்த தமிழர் அக்கூலிகளை நாள்தோறும் கண்டிருப்பர்.

புலி வந்தது ஏன்?

1831இல் ஒரு சீனர் புலியால் கொல்லப்பட்ட செய்தி சிங்கப்பூர்ச் செய்தித்தாளில் வெளியாயிற்று. அதன்பின் இத்தகைய செய்திகள் பெருகின. 1835இல் நிலஅளவையாளர் கோல்மன், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளுடன் தாம்சன் சாலைப் பக்கத்துக் காட்டில் சாலைக்கு அளவெடுத்துக் கொண்டிருந்தபோது புலி ஒன்று பாய்ந்தது. ஆளுக்குச் சேதமில்லை, அளவைக் கருவி மட்டும் உடைந்தது. இந்நிகழ்ச்சியை ஜெர்மானிய ஓவியர் ஒருவர் பின்னாளில் படமாக வரைந்தார். தலையில் முண்டாசு கட்டிய இந்தியக் கைதிகள் சிதறி ஓடும் அப்படத்தை இன்றும் சிங்கப்பூர் வரலாற்று நூல்களில் காணலாம். சாலை போட்டவர்கள் அவர்கள். அச்சாலை வழியே தோட்டம் சென்றது. தோட்டத்தின் வழியே புலி வந்தது.

புலி மனிதனை நாடி வந்த விலங்கன்று. காட்டின் விளிம்பைத் திருத்தும்போது தொடக்கத்தில் அங்கே இளந்தளிர் மிகும். காட்டுப்பன்றியும் மானும் அவ்விளிம்பை நாடும். அவற்றைத் தொடர்ந்து புலி வரும். ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்தும் புலிகள் வந்தன. அவ்விளிம்பில்தான் காம்பியர்க் கூலியும் குனிந்து இலை பறித்துக்கொண்டிருந்தான். ஐரோப்பிய முயல் பழைய கழனியில் பெருகியது போல, இங்கும் திருத்திய நிலம் முதலில் விலங்கைக் கூட்டியது, பின்னரே அழித்தது. கூட்டிய காலத்தில் உயிர் கொடுத்தவன் கூலி.

1854இல் புக்கிட் தீமாவில் தங்கிய இயற்கை அறிஞர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், நாளொன்றுக்குச் சராசரி ஒரு சீனர் புலிக்கு இரையாவதாகவும், அவர்களுள் பெரும்பாலோர் காம்பியர்த் தோட்டங்களில் உழைப்பவர் என்றும் குறித்துள்ளார். இக்கணக்கு மிகையாக இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஏனெனில் செய்தி பரவினால் கூலிக்கு ஆள் வராது என்று அஞ்சிய தோட்டக்காரர்கள் பல சாவுகளை மறைத்தனர். பெயரும் ஊரும் எழுதப்படாமல் எத்தனை பேர் அக்காட்டு மண்ணில் கலந்தனரோ! சுவாத்தோவில் கடிதத்தையும் காசையும் எதிர்பார்த்திருந்த தாய்மாருக்கு மகன் என்ன ஆனான் என்பது தெரியாமலே போயிருக்கும்.

அரசு புலித் தலைக்குப் பரிசு அறிவித்தது. குழி வெட்டி மேலே இலை பரப்பி வைத்தனர். அத்தகைய குழியொன்றில் தாமே விழ இருந்ததாக வாலஸ் எழுதுகிறார். இந்தியக் கைதிகளுக்குத் துப்பாக்கி கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பியதும் உண்டு. சிறைக்கு வந்தவன் கையில் படைக்கலம் கொடுத்துக் காட்டுக்கு அனுப்ப நேர்ந்தது என்றால் அந்நாளின் அச்சம் எத்தகையது என்பது விளங்கும்.

அதே வாலஸ் புக்கிட் தீமாவில் ஏறத்தாழ ஒரு சதுர மைல் காட்டில் இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். மரம் வெட்டுவோர் விட்டுச் சென்ற அடிமரங்களும் பட்டைகளும் வண்டுகளை ஈர்த்தன என்று அவரே காரணமும் கூறினார். அழிந்துகொண்டிருந்த காட்டின் செல்வத்தை அளந்தவர் அவர்.

சோர்ந்த நிலம்

மண் சோர்ந்தது, விறகு தீர்ந்தது. 1840களிலிருந்தே தோட்டக்காரர்கள் நீரிணையைத் தாண்டலாயினர். ஜொகூரின் தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் சீனத் தலைவர்களுக்கு ஆற்றங்கரைகளை உரிமைச் சீட்டின் வழி வழங்கினார். சிங்கப்பூரில் முடிந்த கதை ஜொகூரின் ஆறுகள்தோறும் மீண்டும் தொடங்கிற்று. முன்பணம் மட்டும் பழைய போட் கீ கடைகளிலிருந்தே சென்றது.

1883இல் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தேனியல் காண்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகளைப் பற்றி அறிக்கை அளித்தார். சிங்கப்பூரில் எஞ்சிய காடு ஏறத்தாழ 7 விழுக்காடே. அவர் பரிந்துரையால் காப்புக் காடுகள் ஒதுக்கப்பட்டன. புக்கிட் தீமா குன்று தப்பியது. குடிநீருக்காக 1868இல் அமைந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றிய நிலமும் வெட்டப்படாமல் விடப்பட்டது. கைவிட்ட காம்பியர் நிலத்தில் அங்கே மெல்ல மெல்ல மரம் எழுந்தது. சருகுமானைக் காக்க வேண்டும் என்று அன்று ஒருவரும் கருதவில்லை. நகரத்தின் தாகமே அதனைக் காத்தது.

மற்றப் பகுதிகளில் அன்னாசியும், 20ஆம் நூற்றாண்டில் ரப்பரும் வந்தன. ரப்பர்க் காலத்தில் பால்மரம் சீவிய கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. செடி மாறியது; ஒரே செடி என்னும் முறை மாறவில்லை. காட்டுப் புலி இறுதியாகச் சுடப்பட்டது 1930இல். இடம் சுவா சூ காங். காம்பியர்க் குடியேற்றத்தின் பெயரைத் தாங்கிய ஊரிலேயே அக்கதை முடிந்தது. கடமானும் கேளையாடும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மறைந்தன. இன்று மண்டாய்ப் பகுதியில் காணப்படும் கடமான்கள் 1970களில் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை.

2003இல் அறிஞர் மூவர் இழப்பைக் கணக்கிட்டனர். பதிவான 3,196 உயிரினங்களுள் 881 இத்தீவில் அற்றுப்போயின. பதிவு செய்யப்படாமலே மறைந்தவற்றையும் கருதி 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, மறைந்தவை 37 விழுக்காடு என மதிப்பிட்டது. இழப்பு முழுவதையும் காம்பியர்மேல் சுமத்துதல் நேர்மையன்று. ரப்பரும் நகரமும் தத்தம் பங்கைச் செய்தன. எனினும் முதற்காட்டை வீழ்த்தியதில் காம்பியரின் பங்கே பெரிது.

மீண்டு வந்த விலங்கு

இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. பெருஞ்சருகுமான் சிங்கப்பூரில் அற்றுப்போயிற்று என்றே பல்லாண்டுகளாக எண்ணியிருந்தனர். 2008இல் புலாவ் உபின் தீவில் அது மீண்டும் காணப்பட்டது. உபினிலும் கல் உடைத்தனர், ரப்பர் வைத்தனர். பின்னர் மக்கள் குடிபெயர்ந்தனர். தோட்டங்கள் கவனிப்பாரற்றுப் போயின. ரப்பர் மரங்களுக்கிடையே காட்டு மரங்கள் எழுந்தன. ஒரே செடியாக இருந்த நிலம் பலவகையாயிற்று. அந்நிழலில் சருகுமான் தன் குலத்தைக் காத்துவந்தது. சிறுசருகுமானோ தலைத்தீவின் நீர்த்தேக்கக் காட்டில் தப்பிப் பிழைத்தது. 1980களில் நெடுஞ்சாலையால் பிளவுண்ட புக்கிட் தீமாக் காட்டையும் நீர்த்தேக்கக் காட்டையும் இணைக்க 2013இல் விலங்குகளுக்கென்றே ஒரு பாலம் கட்டி முடித்தனர். எறும்புதின்னி அதன்மேல் நடந்து சென்றதைப் படக்கருவிகள் பதிவு செய்துள்ளன.

ஐரோப்பாவிலும் வயல் ஓரங்களில் புல்வரப்பு விடுவதையும் சிறிது நிலத்தைத் தரிசாகப் போடுவதையும் உழவர்க்கு மானியம் தந்து ஊக்குவிக்கின்றனர். உழவை நிறுத்து என்று முயல் கேட்கவில்லை. ஓரத்தில் சிறிது இடம் விடு என்றே கேட்கிறது. சருகுமானின் வேண்டுகோளும் அதுவே.

அன்றைய தவுக்கேயின் கணக்கேட்டில் அரிசிக்கு ஒரு வரி இருந்தது. அபினுக்கு ஒரு வரி இருந்தது. காம்பியருக்கு ஒரு வரி இருந்தது. எரிந்த காட்டுக்கும், ஓடிய மானுக்கும், புலி கொண்டுபோன கூலிக்கும் வரி இல்லை. ஏட்டில் வராதவை செலவாகவே கருதப்படவில்லை. ஆனால் செலவு செலவுதான். அதனை ஒருவர் செலுத்தியே ஆகவேண்டும். காடும் கூலியும் செலுத்தினர். அவர்களுக்குப் பின்வந்த தலைமுறைகளும் செலுத்தி வருகின்றன.

முழுமதி நாளில் சைனாடவுனில் முயல் விளக்கைக் கையில் பிடித்துச் செல்லும் குழந்தைக்கு இவ்வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதன் கையைப் பிடித்துச் செல்லும் பெரியோர் அறிந்திருத்தல் நன்று.